சிறையில் இருந்தபடி பட்டம் படிக்கலாமா?

கேள்வி: என் தம்பி ஆயுள் தண்டனை பெற்று பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருக்கிறான். பிளஸ் டூ தேறியவன். உள்ளே இருந்தே டிகிரி முடிக்க முடியுமா? செலவு எவ்வளவு? படித்தால் தண்டனை குறையுமா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: தாராளமாகப் படிக்கலாம். டெல்லி திகார் சிறையில் இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994-லேயே படிப்பு மையம் தொடங்கிவிட்டது. சிறைவாசிகளிடம் இக்னோ கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அதன் பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் கிடைக்கும். தமிழ் வழியில் படித்தவர் என்றால், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் என் முதல் பரிந்துரை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில், புரியாத மொழியிலுள்ள புத்தகம் முதல் ஆண்டிலேயே ஆர்வத்தைக் கொன்றுவிடும். அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டணச் சலுகை விவரத்தைச் சிறை நல அலுவலரிடம் கேளுங்கள்.

பாடத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். கணினிப் படிப்பு கேட்டால், செய்முறை வகுப்புக்கு அந்தச் சிறையில் வசதி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வரலாறு, தமிழ் போன்றவற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இக்னோவில் பெரும்பாலான பாடங்களுக்கு 30 சதவீத மதிப்பெண் ஒப்படைப்புகளுக்கு (அசைன்மென்ட்) உண்டு. அவற்றைக் கையால்தான் எழுத வேண்டும். தாளும் பேனாவும் போதும்.

பெரும்பாலும் இழுத்தடிப்பது வெளியே நடக்க வேண்டிய வேலைதான். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், ஆதார் எல்லாம் வீட்டுப் பெட்டியில் இருக்கும். சேர்க்கை இணையவழியில் நடப்பதால் ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். கைதுக்குப் பிறகு அந்த சிம் செயலிழந்திருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இன்றே அதைச் சரிபாருங்கள். அடுத்த முறை மனு போட்டுத் தம்பியைப் பார்க்கப் போகும்போது நகல்களை நல அலுவலரிடம் கொடுத்து, சிறைக் கண்காணிப்பாளரின் சான்றுக்கும் கேளுங்கள்.

பட்டம் வாங்கியதற்காக விடுதலை உரிமையாகிவிடாது. ஆனாலும் அது கணக்கில் வரும். இக்னோ வழியாகச் சிறையிலேயே எம்.சி.ஏ. முடித்த பேரறிவாளனை 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது, நன்னடத்தையோடு அவர் பெற்ற கல்வித் தகுதியையும் கருத்தில் கொண்டது.

பல்கலைக்கழகம் தரும் பதிவு எண்ணை நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு சிறைக்கு மாற்றினாலும், படிப்பு முடியுமுன் வெளியே வந்தாலும், அந்த எண்ணைக் கொண்டு மையத்தை மாற்றித் தொடரலாம்.