செல்லுலேஸ் பவுடர் போட்டால் தென்னைநார்க் கழிவு மக்குமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஏத்தன் வாழை போட்டிருக்கிறேன். குலை வெட்டிய பிறகு தடையையும் (வாழைத் தண்டு) சருகையும் தும்பு மில்லிலிருந்து கொண்டுவந்த நார்க் கழிவோடு சேர்த்துத் தோட்டத்து மூலையில் குவித்தேன். வாழை போன இடம் தெரியவில்லை. நார்க் கழிவு மட்டும் ஆறு மாதமாகியும் கொட்டியது கொட்டியபடி கிடக்கிறது. உரக்கடையில் ‘பாக்டீரியா செல்லுலேஸ்’ என்று ஒரு பவுடர் விற்கிறார்கள். உயிர்வேதியியல் படிக்கும் மகளோ, “அந்த என்சைமோட அமைப்பு என்னன்னு தெரியாம வாங்காதீங்கப்பா” என்கிறாள். என்சைமின் அமைப்புக்கும் என் உரக்குழிக்கும் என்ன சம்பந்தம்? பவுடரை வாங்கலாமா?

பதில்: நார்க் கழிவுக்கு என்றால் வாங்க வேண்டாம். வாழைக்கு என்றால் தேவையே இல்லை, அது தானாகவே மக்கிவிட்டதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஆனாலும் மகள் கேட்டது நல்ல கேள்வி. செல்லுலேஸ் என்பது செடி நாரில் இருக்கும் செல்லுலோஸை வெட்டும் என்சைம், அதாவது வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். பவுடர் எதைக் கடிக்கும், எதைக் கடிக்காது என்பதை என்சைமின் அமைப்புதான் முடிவு செய்கிறது.

நீங்கள் அவித்துத் தின்னும் மரச்சீனியில் இருக்கும் ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலிதான், வாழை நாரில் இருக்கும் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். பிணைப்பின் திசையில்தான் வேறுபாடு. ஸ்டார்ச் சுருண்டு கிடக்கும். வேகவைத்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். செல்லுலோஸில் ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி விறைப்பாக நீள்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் நெருக்கமாக ஒட்டிப் படிகம்போல் இறுகிவிடுகின்றன. பிணைப்பை வெட்டுவதற்கு முன்பே, ஒரு சங்கிலியைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுப்பதே என்சைமுக்குப் பெரும்பாடு.

இதைச் சமாளிக்கும் பாக்டீரியா ஒன்று சூடேறிய உரக்குவியலிலேயே வாழ்கிறது. தெர்மோபிஃபிடா ஃபுஸ்கா என்று பெயர். 50 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சுறுசுறுப்பாக இருக்கும். அதன் செல்9ஏ என்ற என்சைமின் அமைப்பை 1997-இல் எக்ஸ்ரே படிகவியல் முறையில் கண்டறிந்தார்கள். அதில் இரண்டு முக்கியப் பகுதிகள். ஒன்று வெட்டும் பகுதி: பன்னிரண்டு ஹெலிக்ஸ்கள் (புரதச் சுருள்கள்) சேர்ந்து பீப்பாய் வடிவில் நிற்க, அதன் மேல்முகத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் திறந்திருக்கிறது. சங்கிலி அந்தப் பள்ளத்தில் வந்து படியும். அங்கே காத்திருக்கும் குளுடாமிக் அமிலம், அஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலங்கள் ஒரு நீர் மூலக்கூறைத் துணைக்கு வைத்துக்கொண்டு பிணைப்பை அறுக்கின்றன. மற்றது, செல்லுலோஸைப் பற்றும் பகுதி. அது பள்ளத்தின் ஒரு முனையை ஒட்டி, அதே வரிசையில் அமைந்து, சங்கிலியைப் பள்ளத்துக்குள் வழிநடத்துகிறது. இதை நீக்கிவிட்டால், கரையும் செல்லுலோஸை என்சைம் ஓரளவு வெட்டுகிறது. படிகச் செல்லுலோஸிடம் திணறுகிறது.

புரத அமைப்புகளுக்கான இணையத் தரவு வங்கியில் மகள் ‘1TF4’ என்ற எண்ணைத் தேடினால் இந்த அமைப்பை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கலாம். இலவசம்தான்.

இந்த ஒரு என்சைமை மட்டும் வைத்துக்கொண்டு அந்த பாக்டீரியாவும் பிழைப்பதில்லை. பள்ளம் திறந்த என்சைம்கள் சங்கிலியை நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். வேறு சிலவற்றில் பள்ளத்தின் மேல் மூடிபோட்டு அது சுரங்கமாகியிருக்கும். ஊசிக்காதில் நூல் கோப்பதுபோல் சங்கிலியின் நுனி அதற்குள் நுழைந்தாக வேண்டும். பிறகு இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கத்தரித்துக்கொண்டே போகும். முதல் வகை புது நுனிகளை உண்டாக்கித் தந்தால்தான் இரண்டாவது வகைக்கு வேலை. இரண்டும் சேர்ந்தால் தனித்தனிக் கணக்கைக் கூட்டினால் வருவதைவிட அதிகம் நடக்கும். உண்மையில் செல்லுலேஸ் என்பது ஒரு குழுவின் பெயர். கடைக்காரர் அதை ஒற்றைப் பொருளாக விற்கிறார், அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

பாக்கெட்டில் பேசில்லஸ் சப்டிலிஸ் என்று போட்டிருந்தால், அதன் முக்கியமான செல்லுலேஸ் நடுவில் வெட்டும் வகையைச் சேர்ந்தது. பற்றும் பகுதி அதற்கும் உண்டு, ஆனால் சுரங்க வகைத் துணை இல்லாமல் படிகத்தில் பெரிதாக ஒன்றும் சாதிக்காது. ‘சிஎம்சி யூனிட்’ இத்தனை ஆயிரம் என்று அச்சிட்டிருந்தாலும் மயங்க வேண்டாம். சிஎம்சி என்பது தண்ணீரில் கரையும்படி மாற்றிய செல்லுலோஸ். உங்கள் குவியலில் அப்படி ஒன்றும் கிடையாது. மகளிடம் சொல்லிக் கல்லூரி ஆய்வகத்திலிருந்து செல்லுலோஸால் ஆன வடிதாள் வாங்குங்கள். இரண்டு பாட்டிலில் தண்ணீர், ஒரு சிட்டிகை யூரியா, ஒரு துண்டு வடிதாள் போட்டு, ஒன்றில் மட்டும் பவுடரைச் சேர்த்து, சூடான இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். குலுக்கிப் பார்த்தால் பவுடர் போட்டதில் மட்டும் தாள் நைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் பவுடரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

பவுடர் இந்தச் சோதனையில் தேறினாலும் நார்க் கழிவில் தோற்கும். காரணம் லிக்னின், அதாவது மரத்துக்கும் நாருக்கும் விறைப்பு தரும் பொருள். நார்க் கழிவின் உலர் எடையில் ஏறத்தாழ முப்பது சதவீதம் அதுதான். அது செல்லுலோஸைச் சுற்றிப் பூசியதுபோல் மூடிக்கொள்வதால் என்சைம் கிட்டே போக முடியாது. போனவற்றிலும் ஒரு பங்கு லிக்னினிலேயே ஒட்டி வீணாகிறது. நம்மூர்க் காயல்களில் கதம்பலை (தேங்காய் மட்டை) மாதக்கணக்கில் ஊறப்போடுவார்களே, அங்கே பாக்டீரியாவுக்கா பஞ்சம்? அவை நார்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைத்தான் கரைக்கின்றன. தும்பு முழுசாகத்தானே வெளியே வருகிறது! அது அழுகியிருந்தால் கயிறு எங்கே திரிப்பது?

லிக்னினை உடைப்பதில் கெட்டிக்காரர்கள் காளான்கள், அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பழைய முறை இதற்குப் போதும். நிழலில் நூறு கிலோ கழிவைப் பரப்பி ஒரு பாட்டில் சிப்பிக் காளான் வித்தைத் தூவுங்கள். அதன் மேல் இன்னொரு நூறு கிலோ பரப்பி ஒரு கிலோ யூரியா. இப்படி மாறி மாறிப் பத்து அடுக்கு. மொத்தத்தில் ஒரு டன்னுக்கு ஐந்து பாட்டில் வித்து, ஐந்து கிலோ யூரியா. நார்க் கழிவில் கரிமம் நைட்ரஜனைப்போல் நூறு மடங்கு அளவில் இருப்பதால் யூரியாவை விட்டுவிடாதீர்கள். வித்து எங்கே கிடைக்கும் என்று திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். காயலில் ஊறிய கதம்பலின் கழிவாக இருந்தால் உப்பு இருக்கும். முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

இரண்டு பருவமழையும் அடித்துப் பெய்யும் உங்கள் பக்கத்தில் குவியலுக்கு மேல் கூரை அவசியம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனையலாம், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் உள்ளே காற்றில்லை, காளான் செத்துவிடும். இரண்டு மாதம் கழித்துக் கறுத்து, கையில் பொடிந்தால் பதம் வந்துவிட்டது.

பவுடரை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் எறிய வேண்டாம். அடுத்த குலை வெட்டும்போது வாழைச் சருகின்மேல் தூவிவிடுங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை.