தோஹாவில் என் மகன் மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்துவிட்டான்!

அன்புள்ள மேடம்,

வணக்கம். பாம்பன் பக்கம் ஒரு கடற்கரை ஊர் எங்களுக்கு. ஊர்ப் பேரைப் போட்டுவிடாதீர்கள், இங்கே ஒரு வீட்டுச் சமாசாரம் அடுத்த தெருவுக்குப் போக அரை மணி நேரம் ஆகாது. எனக்கு 52 வயது. கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஒரு மகன், ஒரு மகள். மகனுக்கு 27 வயது, கத்தாரில், தோஹாவில் ஏசி மெக்கானிக். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவன் பெந்தேகோஸ்தே சபையில் சேர்ந்து மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்துவிட்டான் மேடம். நாங்கள் என்ன ஞானஸ்நானம் வாங்காதவர்களா? சவேரியார் காலத்திலிருந்து நாங்கள் கத்தோலிக்க வேதக்காரர்கள். பிறந்த பதினைந்தாம் நாள் அவனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனோம், என் அண்ணன்தான் ஞானத்தகப்பன். குழந்தையில் தலையில் தண்ணீர் ஊற்றினது செல்லாதாம், விவரம் தெரிந்த பிறகு முழுக்கு எடுத்தால்தான் ஞானஸ்நானமாம். அங்கே யாரோ ஒருவர் வீட்டில், பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்கியிருக்கிறார்கள். போட்டோ அனுப்பினான். வெள்ளைச் சட்டை நனைந்து சிரித்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு வயிறு எரிந்தது.

ஊரில் திருவிழா வரி கேட்டார்கள். நீ அனுப்பு என்றேன். ‘அம்மா, வீட்டுச் செலவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கேள், சப்பரத்துக்குக் கேட்காதே’ என்கிறான். போன வருடம் லீவில் வந்தபோது பீடத்தில் இருக்கிற மாதா சுரூபத்தை எடுத்துவிடச் சொன்னான். அது என் மாமியார் கும்பிட்ட சுரூபம். அவனைக் கத்தாருக்கு அனுப்பும்போது ஓரியூரில் நேர்ச்சை வைத்து, அந்தச் சிவப்பு மண்ணைப் பொட்டலம் கட்டி அவன் பெட்டியில் வைத்தேன். அதைக்கூட ‘இதெல்லாம் வேண்டாம்மா’ என்று திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். வேதத்துக்காக அருளானந்தர் சாமி ரத்தம் சிந்தின மண் மேடம் அது!

இதில் மானம் போனது வேறு. அங்கே ஜெபக் கூட்டத்தில் அவன் சாட்சி சொன்ன வீடியோவை யாரோ எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். ‘நான் இருட்டில் இருந்தேன், விக்கிரகங்களைக் கும்பிட்டேன்’ என்று மைக்கைப் பிடித்துச் சொல்கிறான். அவனுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தது நான். அப்போ நான்தானே இருட்டு? ராத்திரி நண்டு உடைத்துவிட்டு வந்து, ஈரக் கையோடு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன், அந்த வார்த்தை வருகிற இடத்தில் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. நடுவில் ஏதோ கம்பெனியில் அஞ்சு மாசம் சம்பளம் வரவில்லை, ஒரு ராத்திரி எட்டாவது மாடிக்குப் போய் ஓரத்தில் நின்றேன், அந்த நேரம் ஒரு பிரதர் போன் பண்ணினார் என்றெல்லாம் சொல்கிறான். சாட்சி என்றால் அவர்கள் எல்லாரும் இப்படித்தானே கூட்டிச் சொல்வார்கள். ஒரு மாசம்கூட வீட்டுக்குப் பணம் நின்றதில்லை, அதனால் அது சும்மா சொன்னதாகத்தான் இருக்கும். ஆனால் விக்கிரகம் என்று சொன்னது ஊருக்கே கேட்டுவிட்டதே.

மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களும் ‘உங்கள் வீடு இப்போ ஆர்.சி.தானா’ என்று கேட்டுவிட்டார்கள். என் அண்ணன், அவனோடு பேச்சை நிறுத்து, தானாக வழிக்கு வருவான் என்கிறார். நான் எப்படி நிறுத்துவேன்? வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து கூப்பிடுவான், ‘சாப்பிட்டியாம்மா’ என்பான். நானும் வட்டிக்காரர் வந்துபோனது, அப்பா போன படகு பிடிபட்ட சமயம் வாங்கின கடன், தங்கச்சி நகைக்கு எவ்வளவு குறைகிறது, எல்லாம் சொல்வேன். வேறு யாரிடம் சொல்ல?

எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வரவழைத்து, ஓரியூருக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தால் மனம் மாறுவானா? பெற்ற தாய் கொடுத்த ஞானஸ்நானத்தைச் செல்லாது என்று சொன்னவனை எப்படித் திருப்புவது? ஒரு வழி சொல்லுங்கள்.

— இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

*

அன்புள்ள அம்மா,

ஞானஸ்நானம், சப்பரம், சுரூபம், ஓரியூர் மண், பெண் பார்க்க வந்தவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதலாம். ஆனால் நான் எழுத நினைப்பது, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துபோன அந்த எட்டாவது மாடியைப் பற்றித்தான்.

உங்கள் மகன் சாகப் போயிருக்கிறான் அம்மா. மென்று முழுங்காமல் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அந்த வீடியோவை எத்தனையோ தடவை பார்த்தும் இந்த வரி உங்கள் காதில் விழவில்லை, அல்லது விழுந்ததைத் தாங்க முடியாமல் பக்கத்து வரியில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். எனக்கு இரண்டாவதுதான் உண்மை என்று படுகிறது. ஊர் வாய்க்குப் பயந்துதான் இவ்வளவு எழுதினீர்கள் என்றால் மாடியைப் பற்றி எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

சாட்சியில் கூட்டிச் சொல்வது உண்டு, மறுக்கவில்லை. குடிக்காதவன்கூட ‘பெரும் குடிகாரனாக இருந்தேன்’ என்று மைக்கில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் இதைப் பொய் என்று முடிவு கட்ட நீங்கள் சொல்கிற காரணத்தையே பாருங்கள். ஒரு மாசம்கூடப் பணம் நிற்கவில்லை, சரி. அஞ்சு மாசம் சம்பளம் இல்லாதவன் எங்கிருந்து அனுப்பினான்? கேம்பில் கட்டிலுக்குக் கட்டில் போய்க் கடன் கேட்டிருப்பான், மெஸ்ஸில் பாக்கி வைத்திருப்பான், ஒரு வேளை சாப்பாட்டைக் குறைத்திருப்பான். அங்கே அப்படித்தான் நடக்கும். ஊரில் கடனை அடைக்கப் போன பிள்ளை அங்கேயும் ஒரு கடன் வாங்கி இங்கே அனுப்பியிருக்கிறான். நீங்கள் ஆதாரமாகச் சொல்கிற அந்தப் பணமே அவன் எவ்வளவு நெருக்கடியில் இருந்தான் என்று சொல்கிறது.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை? இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை அம்மா, கோபப்படாதீர்கள். அவன் ‘சாப்பிட்டியாம்மா’ என்று கேட்கிறான், நீங்கள் வட்டிக்காரரைப் பற்றிச் சொல்கிறீர்கள். நீங்கள் சொல்வதும் பொய்யில்லை, உங்கள் பாரமும் சின்னதில்லை. ஆனால் ‘நீ சாப்பிட்டியாப்பா’ என்று நீங்கள் திருப்பிக் கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. கேட்டிருப்பீர்கள், எழுத விட்டுப்போயிருக்கலாம். எப்படியிருந்தாலும் அந்த ராத்திரி அவனுக்கு வந்தது வீட்டுப் போன் இல்லை.

தோஹாவில் நம் பூசைக்கு வழி இல்லாமலும் இல்லை. மெசைமீர் பகுதியில் அமீர் கொடுத்த நிலத்தில் 2008-இல் செபமாலை மாதா பேரில் பெரிய கத்தோலிக்கக் கோயிலே கட்டியிருக்கிறார்கள். வெளியே சிலுவை தெரியாது, மணி அடிக்காது, வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும், வெள்ளிக்கிழமை கூட்டம் நெரியும். உங்கள் மகனும் முதலில் அங்கே போயிருப்பான் என்றே நினைக்கிறேன். ஆனால் அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஏசி மெக்கானிக் ஒருவன் இரண்டு வாரம் வராவிட்டால் யாருக்குத் தெரியும்? முப்பது பேர் ஒரு ஹாலில் உட்காருகிற ஜெபக் குழுவில் ஒரு நாற்காலி காலியானால் உடனே தெரியும். வேன் அனுப்புவார்கள், அரிசி வாங்கித் தருவார்கள், போன் பண்ணுவார்கள். ஊரில் தெருவையும் சாதியையும் வைத்து எடை போடப்பட்டவனை அங்கே ‘பிரதர்’ என்று கூப்பிட்டுத் தோளில் கை போடுவார்கள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கனடாவிலும் நம் பிள்ளைகள் சபை மாறுவதிலும் மதம் மாறுவதிலும் இது பெரிய பங்கு. வேதாகம வசனமெல்லாம் அப்புறம்தான் வருகிறது. இந்து வீட்டு அம்மாக்களும் எனக்கு இதையேதான் எழுதுகிறார்கள், விபூதியை அழித்துவிட்டான் என்று. சபைக்கே போவதை நிறுத்திவிட்ட மகளைப் பற்றி ஒரு பாஸ்டர் வீட்டம்மாவே எழுதியிருக்கிறார்.

சவேரியார் காலத்து வேதக்காரர்கள் என்கிறீர்கள். அவர் 1542-இல் இந்தக் கரையில் வந்து இறங்குவதற்கு முன்பே, 1530-களில், முத்துக் குளிக்கிற கடல் யாருக்கு என்ற சண்டையில் உயிருக்குப் பயந்து போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் வாங்கியிருந்தார்கள். செபம் சொல்லிக்கொடுக்கக்கூட ஆள் போதவில்லை, அதற்காகத்தான் அவர் வந்தார். ஆபத்தில் யார் கை கொடுத்தார்களோ அவர்கள் வேதத்துக்குப் போனது இந்தக் கரைக்குப் புதிதில்லை.

அப்புறம் ஓரியூர். அருளானந்தர் ஏன் வெட்டப்பட்டார் என்று திருவிழாவில் கேட்டிருப்பீர்கள். மறவர் சீமைத் தலைவர் தடியத்தேவன் தீராத நோயில் படுத்தார், ஒரு உபதேசியார் வந்து பக்கத்தில் நின்று செபித்தார், பிழைத்து எழுந்தவர் அருளானந்தரிடம் ஞானஸ்நானம் கேட்டார். முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார். அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தியான கடலை என்பவள், சேதுபதி மன்னரின் உறவுப் பெண், அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். அது 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூர் மணலில் வந்து முடிந்தது. படுக்கையில் கிடந்தபோது யார் வந்தார்களோ அவர்கள் வழியில் போனவரின் கதை இது. உங்கள் மகன் கதையும் ஏறக்குறைய இதுதான். அந்த மண்ணை நெற்றியில் பூசிக்கொள்கிற நீங்கள், இந்தக் கதையில் கடலையின் பக்கம் நிற்கிறீர்கள் அம்மா. கடலைக்கு நியாயம் இல்லாமல் இல்லை, அவள் வீட்டை விட்டு அனுப்பப்பட்டவள். உங்களை யாரும் அனுப்பவில்லை. அவன் வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறான்.

அவனுக்காகவே நான் பேசுவதாக நினைக்க வேண்டாம். விக்கிரகம் என்று சொன்னது தப்பு. தாயின் பக்தியை மேடை ஏற்றித் தாழ்த்தித்தான் தன் விசுவாசத்தைக் காட்ட வேண்டும் என்று எந்த சபையும் கேட்கக் கூடாது, கேட்டாலும் அவன் செய்திருக்கக் கூடாது. மாமியார் கும்பிட்ட சுரூபம் உங்கள் வீட்டில் இருக்கும், அதை எடுக்கச் சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. இதை அவனிடம் நேராகச் சொல்லுங்கள், ஆனால் முதலில் இல்லை. திருவிழா வரி உங்கள் வீட்டு வரி, கணவர் கட்டட்டும். பெண் பார்த்தவர்களிடம், நாங்கள் ஆர்.சி., பையன் அங்கே ஜெபக் குழுவுக்குப் போகிறான் என்று உள்ளதைச் சொல்லுங்கள், அதற்கே ஓடுகிறவர்கள் ஓடட்டும். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி வரவழைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். மாடி ஓரம் வரை போனவனுக்கு அப்படி ஒரு தந்தி வேண்டாம்.

செய்ய வேண்டியது, வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் நீங்களே கூப்பிட்டு, ‘மாடிக்குப் போனேன் என்றாயே, அன்றைக்கு என்னப்பா ஆச்சு’ என்று கேட்பதுதான். கேட்டால் மறுபடி அந்த நினைப்பு வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், நேராகக் கேட்பதால் அப்படி ஆவதில்லை, பெரும்பாலும் பாரம்தான் இறங்கும். ‘எங்களை நினைத்தாயா’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், உங்களை நினைத்துத்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறான். இப்போதும் அந்த எண்ணம் வருகிறதா, தூக்கம் இருக்கிறதா, சம்பளம் வருகிறதா, அங்கே எவ்வளவு கடன் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அந்தப் போனில் வட்டிக்காரர் வேண்டாம். அவன் அழுதால் அழட்டும், இடையில் புத்தி சொல்ல வேண்டாம்.

இப்போதும் வருகிறது என்று சொன்னால் அவனைத் தனியாக விடக் கூடாது, யாராவது உடனே கூட இருக்க வேண்டும், டாக்டரிடம் போக வேண்டும். சபைக்காரர்கள் ‘பிசாசின் போராட்டம், ஜெபம் போதும், மாத்திரை எதற்கு’ என்று சொன்னால் அங்கே நீங்கள் தாயாகக் குரலை உயர்த்தலாம், உயர்த்தவும் வேண்டும். சம்பளப் பாக்கிக்கும் மற்ற உதவிக்கும் தோஹாவில் இந்தியத் தூதரகமும் அதன் கீழ் இயங்குகிற இந்திய சமூக நல மன்றமும் இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு உங்களுக்கே படபடப்பாக இருந்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மானஸ் எண், காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அன்றைக்குப் போன் பண்ணின அந்த பிரதர் யார் என்று மகனிடம் கேட்டு அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவரைக் கூப்பிட்டு நன்றி சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். மனசு வரவில்லை என்றாலும் பரவாயில்லை, நம்பர் கையில் இருக்கட்டும்.