பச்ச குழந்தைக்கு மூச்சு பாக்குற மெஷின் வாங்கலாமா? வாசகர் கேள்விக்கு நர்ஸ் அக்கா பதில்

கேள்வி: அக்கா, எனக்கு தலப்பிரசவம், சுகப்பிரசவம்தான், பொண்ணு, 2 கிலோ 900 இருந்தா. பொறந்து 12 நாள் ஆகுது, மன்னார்குடி பக்கம் அம்மா வீட்ல இருக்கேன். ராத்திரி தூங்குறப்ப மூச்சு கொஞ்ச நேரம் நின்னுடுது, அப்புறம் வேகவேகமா விடுறா, நான் பயந்து தட்டி எழுப்பிடுறேன். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்கார், கால்ல சாக்ஸ் மாதிரி மாட்டுற மெஷின் இருக்காம், ஏதாவதுன்னா போன்ல அலாரம் அடிக்குமாம், வாங்கி அனுப்பவான்னு கேக்குறார். மெத்தைக்கு அடியில வைக்கிறது, இடுப்புல கிளிப் மாதிரி மாட்டுறதுன்னு ஆன்லைன்ல இன்னும் என்னென்னமோ வருது. அம்மாச்சி என்னன்னா தூளில போடு, தானா தூங்கும்ங்குது. என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, உங்க பொண்ணுக்கு இப்ப அந்த மெஷின் வேண்டாம். நிறைமாசத்துல பொறந்து, நல்லா பால் குடிச்சு, டாக்டர் பாத்து வீட்டுக்கு அனுப்புன குழந்தைக்கு அது தேவைப்படாது.

முதல்ல அந்த மூச்சு விஷயத்த சொல்லிடுறேன், உங்க பயமே அங்கதான ஆரம்பிக்குது. பச்ச குழந்தைங்க நம்மள மாதிரி ஒரே சீரா மூச்சு விடாதுங்க. கொஞ்ச நேரம் வேகமா விடும், அப்புறம் 5 செகண்ட் 10 செகண்ட் அப்படியே நிக்கும், திரும்ப வேகமா ஆரம்பிக்கும். மூச்ச பாத்துக்கிற மூளைப்பகுதி இன்னும் முழுசா பக்குவப்படல, அதனாலதான், பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள சரியாயிடும். உதடும் நாக்கும் நல்ல நிறமா இருந்துச்சுன்னா தட்டி எழுப்பாதீங்க, பாவம் அதுவும் தூங்கல நீங்களும் தூங்கல. சந்தேகமா இருந்தா அசந்து தூங்குறப்ப சட்டைய தூக்கிட்டு வயித்த பாருங்க, கடிகாரத்த வெச்சு முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க, அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்குனா தப்பா வரும், ஏன்னா நடுவுல நின்னு நின்னு வருதுல்ல. 30-லேர்ந்து 60-க்குள்ள இருந்தா சரி. 60-ஓ அதுக்கு மேலயோ வந்தா கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவ எண்ணுங்க, அப்பவும் அப்படியேன்னா ஆஸ்பத்திரிக்கு கெளம்பிடுங்க.

இப்ப மெஷின். வாங்குற எல்லார் மனசுலயும் இருக்கிறது ஒண்ணுதான், நல்லா இருந்த குழந்தை தூக்கத்துலயே போயிடுச்சுன்னு கேள்விப்படுறோமே, அத இது தடுத்துடும்னு. அப்படி தடுக்கும்னு எந்த ஆராய்ச்சியும் காட்டல. அதுக்காக வீட்ல மானிட்டர் வெக்காதீங்கன்னு அமெரிக்க குழந்தை டாக்டர்கள் சங்கம் 2022-ல குடுத்த வழிகாட்டுதல்லயும் தெளிவா இருக்கு. அங்க ஆயிரத்துக்கு மேல குழந்தைங்களுக்கு வீட்ல மானிட்டர் மாட்டி பாத்த ஒரு ஆராய்ச்சி 2001-ல வந்துச்சு, அதுல எந்த குறையும் இல்லாத நிறைமாச குழந்தைங்கள்லயே 100-க்கு 40-க்கு மேல ஒரு தடவயாவது அலாரம் அடிக்கிற அளவுக்கு மூச்சோ இதயத்துடிப்போ மாறியிருக்கு. அப்படி ஒரு அலாரம் உங்க வீட்ல ராத்திரி 2 மணிக்கு அடிச்சா யோசிச்சு பாருங்க, பச்ச உடம்போட நீங்க பதறி எழுந்து, ஊரையே எழுப்பி, அந்த நேரத்துல வண்டி புடிச்சு... எதுக்கு?

இன்னொரு பக்கம், அடிக்க வேண்டிய நேரத்துல அடிக்காமயும் போகலாம். 2018-ல ஃபிலடெல்ஃபியால ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரில இந்த மாதிரி ரெண்டு கருவிய ஆஸ்பத்திரி மானிட்டரோட சேத்து மாட்டி பாத்தாங்க, ஒண்ணு ஆக்சிஜன் குறைஞ்சத ஒரு தடவ கூட காட்டல. உங்க வீட்டுக்காரர் சொல்ற சாக்ஸ் ஓலெட்டுங்கிற கம்பெனியோடதா இருந்தா, அந்த கம்பெனிக்கு 2021-ல எஃப்டிஏ, அதாவது மருந்துக்கும் மருத்துவ கருவிக்கும் அனுமதி குடுக்குற அமெரிக்க அரசு அமைப்பு, அனுமதி வாங்காம விக்கிறீங்கன்னு கடிதம் அனுப்புச்சு, 2023-ல அந்த கம்பெனியோட 'ட்ரீம் சாக்'ங்கிற சாக்ஸுக்கு அனுமதியும் குடுத்துச்சு, ஆனா அந்த அனுமதியே 1 மாசத்துலேர்ந்து 18 மாசம் வரைக்குமான ஆரோக்கியமான குழந்தைங்களுக்குத்தான். உங்க பொண்ணுக்கு 12 நாள்தான் ஆகுது.

மெத்தைக்கு அடியில வைக்கிறது நம்ம வீடுகளுக்கு சுத்தமா ஒத்து வராது. அசைவ வெச்சுதான் அது மூச்ச கண்டுபுடிக்குது, குழந்தை தனி கட்டில்ல தனியா படுத்தாத்தான் வேலை செய்யும். நம்ம வீட்ல தாயும் புள்ளையும் ஒரே பாய்ல படுப்போம், பக்கத்துல நீங்க பொரண்டாலே அது மூச்சுன்னு நெனச்சுக்கும், டேபிள் ஃபேன் அதிர்வு கூட போதும். தூளில சொல்லவே வேண்டாம், ஆடிக்கிட்டே இருக்குமே.

அந்த காசையும் கவலையையும் குழந்தை படுக்குற எடத்துல போடுங்க, நெஜமா உயிர காப்பாத்துறது அதுதான். எப்பவும் மல்லாக்க படுக்க வைங்க. வாயு போகும்னு குப்புற போடுறது, ஒருக்களிச்சு படுக்க வெச்சு முட்டு குடுக்குறது ரெண்டும் வேண்டாம். மல்லாக்க போடுங்கன்னு 1990-கள்ல அமெரிக்காவுல பிரசாரம் பண்ண ஆரம்பிச்சு, 10 வருஷத்துக்குள்ள இந்த மாதிரி திடீர் சாவு பாதியா குறைஞ்சுது. கெட்டியான பாய், மேல இறுக்கமா ஒரு துணி, அவ்வளவுதான். பேர் வைக்கிற விசேஷத்துக்கு வந்த பஞ்சு மெத்தை செட்டு, கடுகு தலகாணி, பொம்மை எதுவும் பக்கத்துல இருக்கக்கூடாது. மழை நாள்ல குளிருதுன்னு தலையோட சேத்து கம்பளி போத்தாதீங்க, ஒரு சட்டை கூட போடுங்க போதும். குழந்தை உங்க ரூம்லயே, கை எட்டுற தூரத்துல தனி விரிப்புல படுக்கட்டும். நடுவுல பெரிய புள்ளைங்கள படுக்க விடாதீங்க. ரூம்ல பீடி சிகரெட் கூடாது, ஜன்னல மூடிட்டு கொசுவர்த்தி கொளுத்தாதீங்க, கொசுவலைய கட்டுங்க. தாய்ப்பால் குடுக்குறதே ஒரு பாதுகாப்பு.

அம்மாச்சி சொல்ற தூளிய நான் அடியோட வேண்டாம்ங்கல, நம்ம எல்லாரும் அதுல வளந்தவங்கதான். ஆனா புடவை ஆழமா தொங்குனா சின்ன குழந்தைக்கு கழுத்து மடங்கி தாடை நெஞ்சுல முட்டிக்கும், மூச்சுக்குழா அப்பதான் அடைபடும், துணி மூஞ்சிய மூடினாலும் வெளிலேர்ந்து தெரியாது. பகல்ல யாராவது பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா சரி, தூங்குன உடனே பாய்க்கு மாத்திடுங்க. ராத்திரி தூளி வேண்டவே வேண்டாம், இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

மூச்சு 20 செகண்டுக்கு மேல நின்னா, உதடு நாக்கு நீலமானா, நெஞ்சுக்குழி உள்ள இழுத்தா, மூச்சு விடுறப்ப முனகுனா, பால் குடிக்காம தொவண்டு கெடந்தா, வலிப்பு வந்தா, உடம்பு சில்லுன்னு போனா இல்ல காய்ச்சலடிச்சா காத்திருக்காதீங்க, 108-க்கு போன் பண்ணுங்க. மூச்சு நின்ன மாதிரி இருந்தா உள்ளங்கால தேச்சு விடுங்க, குழந்தைய புடிச்சு குலுக்காதீங்க. அப்பவும் மூச்சு வரலன்னா என்ன செய்யணும்ங்கிறத அடுத்த தடவ ஆஸ்பத்திரிக்கு போறப்ப நர்ஸ்கிட்ட செஞ்சு காட்ட சொல்லுங்க, நீங்க மட்டும் இல்ல அம்மாவும் கத்துக்கணும், அது தெரியாத வீட்ல அலாரம் அடிச்சு என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

உங்களப் பத்தியும் ஒரு வார்த்தை. குழந்தை தூங்குறப்ப கூட கண்ண மூட முடியாம பாத்துக்கிட்டே இருக்கீங்கன்னா, ரெண்டு வாரம் தாண்டியும் இந்த பயம் விடலன்னா அத வீட்ல சொல்லுங்க, டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. பிரசவத்துக்கு அப்புறம் நெறைய பேருக்கு வர்றதுதான், வைத்தியம் இருக்கு. அரசோட மனநல உதவி எண் 14416-க்கு போன் பண்ணா தமிழ்லயே மனசு விட்டு பேசலாம், காசு கெடையாது. ராத்திரி ஒரு பால் குடுத்த பிறகு அடுத்த பால் வரைக்கும் அம்மா முழிச்சிருக்கட்டும், நீங்க தூங்குங்க.

கேள்வி: பேரன் 31 வாரத்துல பொறந்தான், 1 கிலோ 400. தஞ்சாவூர் ஆஸ்பத்திரில பல வாரம் மானிட்டர் மாட்டியே வெச்சிருந்தாங்க, இப்ப வேதாரண்யம் கூட்டிட்டு வந்துட்டோம். மெஷின் இல்லாம கை கால் நடுங்குது. நாங்களா ஒண்ணு வாங்கிடலாமா?

பதில்: ஐயா, உங்க நெலம வேற, பயம் நியாயம்தான். குறைமாச குழந்தைக்கு மூச்சு நெஜமாவே நிக்கும், அதுக்குத்தான் அங்க மானிட்டர், சில குழந்தைக்கு கஃபீன் மருந்தும் குடுப்பாங்க. பெரும்பாலும் கர்ப்ப கணக்குல 36, 37 வாரம் வர்றப்ப நின்னுடும், ரொம்ப சீக்கிரம் பொறந்ததுக்கு இன்னும் கொஞ்சம் நாள் ஆகும். தொடர்ந்து சில நாள் மூச்சு நிக்காம இருக்கான்னு பாத்துட்டுதான் வீட்டுக்கு அனுப்புறது வழக்கம். டிஸ்சார்ஜ் சீட்ட எடுத்துட்டு போய் அவங்ககிட்டயே கேளுங்க, வீட்டுக்கு மானிட்டர் வேணும்னு டாக்டர் எழுதிக் குடுத்தா அது மருத்துவ கருவி, எப்படி பாக்கணும்னு சொல்லியும் குடுப்பாங்க. ஆன்லைன் சாக்ஸ் அதுக்கு மாத்து ஆகாது. அதுவரைக்கும் மருமக நெஞ்சுல தோலோட தோல் படுற மாதிரி கங்காரு முறைல வெச்சுக்கட்டும், மருமக அசந்தா மகன் வெச்சுக்கட்டும், ஆனா வெச்சிருக்கிறவங்க முழிச்சிருக்கணும், தூக்கம் வந்தா குழந்தைய பாய்ல மல்லாக்க விட்டுடணும். எடை பாக்க சொன்ன தேதி ஒண்ணு கூட தவறக்கூடாது.

கேள்வி: கும்பகோணத்துலேர்ந்து எழுதுறேன். ஒரு மாச பையன், மூக்கு கொர்ரு கொர்ருங்குது. அத்தை குளிப்பாட்டுறப்ப மூக்குல எண்ணெ விட்டு ஊதுறாங்க, சாம்பிராணியும் போடுறாங்க. மூச்சு மெஷின் வாங்கலாமா?

பதில்: மெஷின் வேண்டாம்மா, அந்த எண்ணெய நிறுத்துங்க. இந்த வயசுல குழந்தைங்க பெரும்பாலும் மூக்காலதான் மூச்சு விடும், விடுற எண்ணெ நுரையீரலுக்கு போய் நிமோனியா மாதிரி ஆகும், வாயால ஊதுறதுல நம்ம சளியும் கிருமியும் உள்ள போகும். சாம்பிராணி புகையும் வேண்டாம், தலைய துணியால ஒத்தி எடுத்தாலே காஞ்சுடும். மூக்கடைப்புக்கு டாக்டர்கிட்ட கேட்டு உப்புத்தண்ணி சொட்டு மருந்து வாங்கி, பால் குடுக்குறதுக்கு முன்னாடி விடுங்க. நீங்க சொல்லி அத்தை கேக்கலன்னா வீட்டுக்கு வர்ற கிராம நர்ஸ அவங்க எதிர்லயே சொல்ல சொல்லுங்க, அத்தைக்கும் பேரன் மேல உசுருதான், புரிஞ்சுக்குவாங்க. பால் குடிக்க முடியாத அளவுக்கு அடைச்சாலோ நெஞ்சு உள்ள இழுத்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க.