ஒரே களிமண்ணுக்கு இரண்டு விடை: எம்.இ. சேரவிருக்கும் மகளின் தந்தைக்கு

ஐயா, வணக்கம். பயிற்சிக்குப் போன ஆய்வகத்தில் ஒரே போர்ஹோலிலிருந்து (மண் மாதிரி எடுக்கத் துளைத்த குழி) எடுத்த களிமண்ணுக்கு இரண்டு விதமான விடை வந்ததாக உங்கள் மகள் சொன்னதைக் கேட்டு, "இதில் என்ன படிப்பு இருக்கிறது?" என்று மனம் தளர்ந்து எழுதியிருக்கிறீர்கள். அவர் கண்டது பிழையாக இருக்க வேண்டியதில்லை. மண்ணின் வலிமையையும் அமிழ்வையும் கணிக்கும் சாயில் மெக்கானிக்ஸ் படித்தவருக்கு வேலை தொடங்கும் இடமே அதுதான்.

எடை ஏற ஏறக் களிமண்ணிலிருந்து நீர் மெல்ல வடிந்து அது எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கும் கன்சாலிடேஷன் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 60 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. தடிமனும் உள்ள களிமண் வில்லை மீது படிப்படியாக எடை ஏற்றுவார்கள். வழக்கமாக ஒவ்வொரு எடையையும் 24 மணி நேரம் விட்டு வைப்பார்கள். அவசரப்பட்டு வேகமாக அழுத்தினால் களிமண் உள்ளதைவிட உறுதியாகத் தெரியும். அழுத்தும் வேகம் பத்து மடங்கு கூடினால், மண் மளமளவென்று சுருங்கத் தொடங்கும் எல்லை ஏறக்குறைய 10 விழுக்காடு உயர்வதைப் பல களிமண்களில் பார்த்திருக்கிறார்கள். சூடு கூடினாலோ அந்த எல்லை இறங்கும். குளிர்நாடுகளில் நிலத்தடியில் 7, 8 டிகிரியில் கிடக்கும் மண்ணை 20 டிகிரி அறையில் சோதிக்கும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். குழாயில் மண்ணை எடுக்கும்போதும் வண்டியில் ஏற்றி வரும்போதும் அது குலுங்கிக் கலைந்திருந்தால், வரைபடத்தில் தெளிவாகத் தெரிய வேண்டிய வளைவு மழுங்கிப் போகும். மண்ணின் வலிமையும் குறைவாகவே தெரியும். கொச்சிக் கடலோரக் களிமண்ணை அடுப்பில் உலர்த்திச் சோதித்தால் நீர்ம எல்லை, அதாவது மண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈர அளவு, வெகுவாகக் குறைந்துவிடும். இயல்பான ஈரத்தோடு சோதித்தால் கிடைப்பது வேறு எண்.

அடுத்தது காலக் கணக்கு. இருபுறமும் நீர் வடியும் அந்த வில்லையில் நீர் கடக்க வேண்டிய தொலைவு 10 மி.மீ.தான். நிலத்தில் 10 மீட்டர் தடிமனுள்ள படுகையில் அது 5 மீட்டர், அதாவது 500 மடங்கு. காலமோ அதன் வர்க்கமாக (500 × 500), 2,50,000 மடங்கு நீளும். ஆய்வகத்தில் 10 நிமிடத்தில் நடப்பதற்கு அங்கே ஏறத்தாழ நாலே முக்கால் ஆண்டு ஆகும். இடையே மெல்லிய மணல் அடுக்கு இருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். மென்களிமண் கடற்படுகை மேல் கட்டி 1994இல் திறந்த ஜப்பானின் கன்சாய் விமான நிலையத் தீவு 10 மீட்டருக்கும் மேல் அமிழ்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஆய்வக எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. "இதை எப்படிச் சோதித்தீர்கள்?" என்று கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

மெட்ரோ, துறைமுகம், நெடுஞ்சாலைப் பணிகளை வடிவமைக்கும் ஆலோசனை நிறுவனங்களில் உங்கள் மகளுக்கு இடம் உண்டு. மண் பரிசோதனை நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது; சைட்டில் வெயிலில் நிற்கவும் வேண்டியிருக்கும். இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகளை அங்கே கழிப்பது நல்லது என்பேன். மண்ணைத் தொட்டுப் பழகாமல் கணினியில் மட்டும் டிசைன் செய்பவர்களுக்கு எந்த எண்ணைச் சந்தேகிக்க வேண்டும் என்பது பிடிபடுவதில்லை.

பொறியியல் மேற்படிப்புக்கான அகில இந்திய கேட் தேர்வை அவர் கட்டாயம் எழுதட்டும். ஐ.ஐ.டி.க்கும் சில பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அந்த மதிப்பெண் உதவும். அண்ணா பல்கலைக்கழக எம்.இ.க்கு தமிழ்நாட்டின் முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வான சீட்டா வழியும் இருக்கிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் இருவரும் ஒருமுறை அங்குள்ள மண் ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள். கன்சாலிடேஷன் கருவிகள் ஓடிக்கொண்டிருக்கின்றனவா, மாணவர்களே ரீடிங் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த இரண்டு விடைகளின் ரீடிங் தாள்களையும் மகளிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். எம்.இ. ப்ராஜெக்டுக்கு அதுவே நல்ல தலைப்பாக அமையும்.