வாசகர் கேள்வி: பாடறவங்க குரல் எங்க?

கே: அண்ணே, கூட்டாளி சொன்னான்னு மை பிளடி வேலன்டைன்ங்கற ராக் குழுவோட 'லவ்லெஸ்' ஆல்பம் கேட்டேன். ஒரே இரைச்சல், பாடறது ஆணா பொண்ணான்னே தெரியல, வரி ஒண்ணும் விளங்கல. ஹெட்போன் கெட்டுப்போச்சா, இல்ல எனக்குத்தான் ரசனை இல்லையா?
- செந்தூல் வாசகர்

ப: ஹெட்போனைத் தூக்கிப் போட்டுடாதீங்க தம்பி, அந்த ஆல்பமே அப்படித்தான். முதல் தடவை கேக்கறப்ப டேப் சிக்கிக்கிச்சோன்னுதான் தோணும். கிட்டார்ல ட்ரெமோலோ கம்பின்னு ஒண்ணு இருக்கும், அமுக்கினா சுருதி இறங்கும், மத்தவங்க எப்பவாச்சும் ஒரு தடவை அமுக்குவாங்க, இந்தக் குழுவோட கிட்டார்காரர் கெவின் ஷீல்ட்ஸ் அதைக் கையிலயே பிடிச்சிக்கிட்டு அடிக்கறாரு, அதனால ஒரு சுரமும் நேரா நிக்காது, ஏறி இறங்கி அலைஞ்சிக்கிட்டே இருக்கும். தைப்பூசத்துக்கு பத்துமலைல காவடிக்குப் பின்னாடி நடந்திருப்பீங்கல்ல, உறுமில வளைஞ்ச குச்சியால தோலைத் தேய்க்கறப்ப 'ஊம்ம்'னு ஒரு சத்தம் வழுக்கிட்டுப் போகுமே, கிட்டத்தட்ட அந்த வழுக்கல்தான்.

குரலை வேணும்னேதான் அமுக்கி வெச்சிருக்காங்க. குழுவோட பாடகி பிலிண்டா புட்சரை விடியக்காலைல தூக்கத்துலேர்ந்து எழுப்பிப் பாட வெப்பாங்களாம், அவங்களே சொல்லியிருக்காங்க. ரெண்டு வருஷம் ஸ்டூடியோ மேல ஸ்டூடியோவா மாத்தி 1991 நவம்பர்ல வெளியிட்டவங்களுக்கு குரல் கேக்கலங்கறது தெரியாமலா இருக்கும்? நமக்குப் பாட்டுன்னா பல்லவி, சரணம், கவிஞர் யாருன்னு பழகிப்போச்சு, அதான் வரியைத் தேடித் தேடி களைச்சிப் போறோம். நாகஸ்வரத்துல யாரு வரி தேடறா? முதல் பாட்டுல டிரம்மு நாலு அடி அடிச்சதும் இரைச்சல் மொத்தமா வந்து மேல விழும், அங்கயே பாதி பேரு ஆஃப் பண்ணிடறாங்க. நீங்க அதே ஆல்பத்துல 'சம்டைம்ஸ்'ங்கற பாட்டுலேர்ந்து ஆரம்பிங்க, டிரம்ஸ் இருக்கற இடமே தெரியாது, இரைச்சலுக்கு அடியில மெட்டு நல்லாவே கேக்கும். அப்புறமும் பிடிக்கலன்னா விட்டுடுங்க, குத்தம் ஒண்ணும் இல்ல.

கே: இந்த மாதிரி இசையை ஃபுல் சவுண்டுல கேட்டாத்தான் ஆச்சுன்னு சொல்றாங்களே? நான் எல்.ஆர்.டி. ரயில்லதான் கேக்கறேன்.
- பிரிக்பீல்ட்ஸ் வாசகி

ப: யாரு சொன்னா? கச்சேரில மை பிளடி வேலன்டைன் பயங்கர சத்தம்தான், 2008ல மறுபடி மேடைக்கு வந்தப்ப வாசல்லயே காதடைப்பான் கொடுத்துத்தான் உள்ள விட்டாங்க. வீட்டுக்கு அது வேணாம், அந்த அடர்த்தி ரெக்கார்டிங்லயே இருக்கு, மெதுவா வெச்சாலும் பெருசாத்தான் கேக்கும். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் கேக்கலாம்ங்குது, 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம், பாத்துக்குங்க. உங்களுக்கு உண்மையான வில்லன் ரயிலுதான் தங்கச்சி. மஸ்ஜிட் ஜமேக் பக்கம் சுரங்கத்துல ஓடறப்ப சக்கரச் சத்தத்தை அடக்க சவுண்டைக் கூட்டுவீங்க, மேல வந்ததும் குறைக்க மறந்துடுவீங்க. வெளிச்சத்தத்தை அடைக்கற இயர்போனா வாங்கிக்குங்க, இல்லாட்டி இந்த ஆல்பத்தை ராத்திரி வீட்டுக்குன்னு வெச்சிக்குங்க.

கே: இந்த இரைச்சல் கிட்டார் இசைக்கு ஷூகேஸ் (shoegaze)னு பேராமே, அதுல இதுக்கு அடுத்து எதைக் கேக்கலாம்?
- பட்டர்வொர்த் வாசகர்

ப: ஸ்லோடைவ் குழுவோட 'சூவ்லாக்கி' ஆல்பம், 1993. அதுல குரல் கேக்கும், பயப்படாதீங்க. கொஞ்சம் வேகம் வேணும்னா ரைடு குழுவோட 'நோவேர்', 1990ல வந்தது.