பதினோரு மணி வரை எழாத மகன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

கோபிக்குப் பக்கத்துல தோட்டத்துச் சாளையில குடியிருக்கோமுங்க. மஞ்சளும் வாழையுமா பண்ணையம். பையன் பத்தாவதுல நல்ல மார்க் வாங்குனான். அதை நம்பி நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல பிளஸ் ஒன் சேத்துனோம். பொங்கல் லீவுக்கு வந்தவன் திரும்பிப் போக மாட்டேங்கறான். பகல்ல பதினோரு மணி வரைக்கும் தூக்கம். ராத்திரி ரெண்டு மணிக்கும் போன் வெளிச்சம் தெரியுது. சந்தகைன்னா உசுரா இருந்தவன் தட்டை அப்படியே தள்ளி வெக்கறான். வாலிபாலுக்குக் கூப்பிட வந்த பசங்ககிட்ட "இல்லைன்னு சொல்லு"ங்கறான். ஏதாச்சும் கேட்டா எரிஞ்சு விழறான். ஆனா போன்ல சிநேகிதன்கூடப் பேசறப்போ மட்டும் சிரிக்கறான். அதைப் பாத்துட்டு அவங்கப்பா, "எல்லாம் நடிப்பு, போனைப் புடுங்குனாச் சரியாயிரும்"ங்கறாரு. எங்கம்மா மந்திரிச்சுக் கயிறு கட்டோணும்ங்கறாங்க. டாக்டர்கிட்டப் போலாம்னா, பெரிய பொண்ணுக்கு வரன் பாக்கற நேரம், நாலு பேருக்குத் தெரிஞ்சா என்னாகும்னு பயம். போன வாரம், "நான் இல்லாட்டி உங்களுக்கு பீஸாச்சும் மிச்சம்"னான். வெளையாட்டுக்குச் சொன்னானா, நெசமாச் சொன்னானான்னு தெரியலீங்க. திருப்பிக் கேக்கவும் பயமா இருக்குது.

— ஒரு அம்மா, ஈரோடு மாவட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கடைசியாக எழுதியதற்கே முதல் பதில். கேளுங்கள், இன்றைக்கே. அப்பாவும் பாட்டியும் சூழ உட்கார்ந்து விசாரிக்க வேண்டாம். வண்டியில் போகும்போதோ கட்டுத்தரையில் வேலையாக இருக்கும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்காத நேரமாகப் பார்த்து, "அன்னிக்கு அப்படிச் சொன்னியே கண்ணு, செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு, ஒருவராவது கேட்டார்களே என்று பாரம்தான் குறையும். "வருது" என்றால் பதறவோ, "எங்களை நெனச்சுப் பாத்தியா?" என்று திருப்பவோ கூடாது. எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா என்பதையும் கேளுங்கள். வழியும் நேரமும் அவன் மனதில் இருந்தால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வழி தெரியாமல் நின்றால் 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவை இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசுவார்கள்.

அவன் என்ன பதில் சொன்னாலும், பயிருக்கு அடிக்கும் மருந்து, எலி மருந்து, பாட்டியின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். பூட்டிவிட்டுச் சாவியை நிலைப்படி ஆணியில் மாட்டினால் அது பூட்டு இல்லை. சாவி வீட்டுக்காரர் இடுப்பிலேயே இருக்கட்டும். இவ்வளவு வற்புறுத்தக் காரணம், இந்த எண்ணம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து அடங்குவது. உச்சத்தில் நிற்கும் அந்தச் சிறிது நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பிவிடுகின்றன.

இனி, நடிப்பா என்ற கேள்வி. சோம்பேறிப் பையன் வீட்டுப்பாடத்தைத்தான் விடுவான், வாலிபாலை விடமாட்டான். பிடித்ததே பிடிக்காமல் போவது மனச்சோர்வின் முக்கியமான அடையாளம், அதனால் உங்கள் கடிதத்தில் சந்தகையும் வாலிபாலும்தான் என் கண்ணில் முதலில் பட்டன. பெரியவர்களிடம் சோகமாகத் தெரிவது இந்த வயதில் பல நேரம் எரிச்சலாகவே வெளிப்படும். தூக்கம், பசி, கவனம், தன்னைப் பற்றிய மதிப்பு ஆகியவற்றில் பல சேர்ந்து மாறி, பெரும்பாலான நாட்கள், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். நண்பனோடு சிரிப்பதும் இதற்கு முரண் இல்லை. இந்த வயதில் மனச்சோர்வு இருந்தாலும் சில நிமிடம் முகம் தெளிவது உண்டு.

போனைப் பிடுங்கினால் அந்தச் சிரிப்பும் போய்விடும். இரவு பத்தரைக்குமேல் எல்லார் போனும் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும், அப்பாவுடையதும் சேர்த்து. இந்த வயதில் உடல் கடிகாரமே ஓரிரு மணி நேரம் தள்ளித்தான் ஓடும். எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கமும் தேவை. ஆகவே விடியக்காலை அஞ்சு மணிக்கு உலுக்கி எழுப்புவதில் பயன் இல்லை. எழும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி முன்னால் கொண்டு வாருங்கள். எழுந்ததும் இருபது நிமிடம் வெயிலில் நிற்கட்டும். மாட்டுக்குத் தீவனத் தட்டு எடுத்துப் போடுவது போதும். மனசு வந்தால் செய்வான் என்று காத்திருந்தால் நாள்தான் போகும். இந்த நோயில் சின்ன வேலை முதலில் நடந்து, மனசு பின்னால்தான் வரும். முடித்ததும் "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமில்ல" என்ற ஒரு வார்த்தை போதும், மறுநாள் எழமாட்டான்.

பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது தூக்கம், சாப்பாடு, எப்போதிலிருந்து மாற்றம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால், குறிப்பாகத் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் திரிந்த காலம் இருந்திருந்தால், மறைக்காதீர்கள். மருந்துத் தேர்வே அதனால் மாறும். தைராய்டும் ரத்தசோகையும் பார்க்கச் சொல்வார்கள், அவையும் இதே சோர்வைத் தரும். மருத்துவர் பையனோடு தனியாகப் பேசட்டும். வெளியே வந்ததும் "என்ன சொன்ன?" என்று குடைய வேண்டாம்.

லேசான நிலை என்றால் பேச்சு சிகிச்சையே போதலாம். கூடுதலானால் மருந்தும் சேரும். இந்த வயதினருக்கு அதிகம் தருவது ஃப்ளூவாக்ஸெடின், பெரும்பாலும் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். தெளிவாகப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பலரும் சறுக்குவது இங்கேதான். இரண்டு வாரம் பார்த்து "கேக்கலை" என்று நிறுத்துவார்கள், அல்லது நன்றாகிவிட்டான் என்று மூன்றாம் மாதத்தில் நிறுத்துவார்கள். தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதும் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான். முதல் சில வாரங்களில் சிலருக்குப் படபடப்பும் சாவு எண்ணமும் கூடலாம். அப்படித் தெரிந்தால் அடுத்த தேதி வரை காத்திராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஹாஸ்டலில் என்ன நடந்தது என்று அவனிடம் ஒருமுறை பொறுமையாகக் கேட்கவேண்டும். கேலி, அடி, மார்க் வாரியாக வகுப்பு பிரித்தது, எதுவாகவும் இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் இது வரும். டி.சி. வாங்குவதா, திரும்ப அனுப்புவதா என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். மருத்துவச் சான்று கொடுத்து விடுப்பு கேளுங்கள். பிறகு பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் ஒரு பள்ளியையும் யோசிக்கலாம்.

பெண்ணுக்கு வரன் பார்ப்பதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி நோயாளியின் விவரம் ரகசியமானது, மருத்துவமனை ஊராரிடம் சொல்லாது. ஊருக்குத் தெரிவது பெரும்பாலும் சொந்தக்காரர் வாய் வழியாகத்தான். யாரிடம் சொல்வது என்று நீங்களும் வீட்டுக்காரரும் முன்பே பேசி வையுங்கள். பாட்டி கயிறு கட்டட்டும், அதில் கெடுதல் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லவும், அவன் காதுபட "பேய் புடிச்சிருக்குது" என்று பேசவும் மட்டும் விடாதீர்கள்.