ரத்தப் புற்றுநோய் செல்லை வைத்து நல்ல பி செல்லைப் படிக்க முடியுமா?

ரெஹ், நால்ம்-6 போன்ற லுக்கீமியா (ரத்தப் புற்றுநோய்) செல் லைன்களை, அதாவது நோயாளியிடம் எடுத்து ஆய்வகத்தில் ஓயாமல் பெருகவிட்ட செல்களை வளர்த்து, ஆன்டிபாடி செய்யும் வெள்ளை அணுவான மனித பி செல்லின் ஆரம்பப் பருவத்தை ஆராய்கிறார்களே, நோய் வந்த செல் நல்ல செல்லைப் பற்றி என்ன சொல்லிவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதை என்னிடம் முதலில் கேட்டது அப்பா. நீடாமங்கலம் பக்கம் எங்களுக்குச் சம்பா வயல். "ஆனைக்கொம்பன் விழுந்த பயிரப் பாத்தா நல்ல பயிரப் படிக்கிற?" என்றார். அவர் சொன்ன உவமை அப்படியே பொருந்தும். ஆனைக்கொம்பன் என்ற ஈயின் புழு தாக்கிய தூர் கதிர் விடாது, பக்கச் சிம்பு மட்டும் வெடித்துக்கொண்டே போகும். பி செல் லுக்கீமியாவும் அப்படித்தான்: ஒரு பருவத்தில் நின்றுபோய், முதிராமல் பெருகும்.

அந்த நின்ற பருவம்தான் நமக்கு வேண்டியது. எலும்பு மஜ்ஜையில் வளரும் பி செல், ராக்1, ராக்2 என்ற புரதங்களால் தன் மரபணுவையே வெட்டி ஒட்டி, ஆன்டிபாடியின் கனச் சங்கிலியை முதலில் செய்கிறது. மெல்லிய சங்கிலி இன்னும் தயாராகியிருக்காது. அதற்குப் பதிலாக விப்ரீ-பி, லாம்டா-5 என்ற இரண்டு புரதங்கள் தற்காலிகமாக வந்து நிற்கும். இந்தக் கூட்டணி சரியாகச் சேர்ந்தால்தான் செல் பிழைக்கும். இந்தச் சோதனை நடக்கும் காலம் குறைவு, மஜ்ஜையில் இருந்து கிடைக்கும் செல்களும் குறைவு. நால்ம்-6 இந்த ப்ரீ-பி பருவத்தில் நின்றது, ரெஹ் அதற்கும் முந்தையது. ஆர்பிஎம்ஐ-1640 என்ற வளர்ப்புத் திரவத்தில் 37 டிகிரி செல்சியஸில் வைத்தால் கோடிக்கணக்கில் கிடைக்கும்.

எலியில் பார்த்தால் போதாதா? போதாது. ஐஎல்-7 என்ற வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் ஏற்பி கெட்டால் எலியில் பி செல் வளர்ச்சி தடைபடும். அதே குறையோடு பிறக்கும் குழந்தைக்கு டி செல் (இன்னொரு வகை நோய் எதிர்ப்பு செல்) இருக்காது, பி செல் இருக்கும். பி செல் வளரத் தேவையான பிடிகே மரபணு கெட்டால் நேர்மாறு: மனிதரில் பி செல் ஏறக்குறைய இல்லாமல் போகும், எலியில் பாதிப்பு லேசு.

சரி, எங்கே நம்பக்கூடாது? "செல் அடுத்த பருவத்துக்கு ஏன் போகிறது" என்று இவற்றிடம் கேட்கக்கூடாது. போக முடியாததுதானே இவற்றின் நோய். ரெஹ் செல்களில் இடிவி6, ரன்எக்ஸ்1 என்ற இரு மரபணுக்கள் ஒட்டிக் கிடக்கின்றன. குழந்தைகளின் பி செல் லுக்கீமியாவில் சுமார் மூன்றில் ஒரு பங்கில், பி செல்லை பி செல்லாக வைத்திருக்கும் பாக்ஸ்5 மரபணு கெட்டிருப்பதாக 2007-இல் தெரியவந்தது. ஒரு புரதம் எதோடு சேர்கிறது, ராக் எப்படி வெட்டுகிறது என்று கேளுங்கள், பதில் வரும்.

அப்புறம், வளர்க்கும் செல்களில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கான சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். நான் ஒருமுறை தள்ளிப்போட்டு நான்கு மாத வேலையை இழந்தேன், இன்னும் வலிக்கிறது. ரெஹ் செல்கள் 1973-இல் நோய் திரும்பி வந்த 15 வயதுப் பெண்ணின் ரத்தத்தில் இருந்து வந்தவை. அவற்றை அலட்சியமாகக் கையாள எனக்கு மனம் வரவில்லை.

செல் லைனில் கிடைத்ததை, தொப்புள்கொடி ரத்தத்தின் சிடி34 செல்களை (ரத்த செல்கள் எல்லாம் கிளம்பும் மூல செல்களை) வளர்த்து மறுபடி பார்ப்போம். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நல்ல வயலையும் பாக்குறீங்க, சரி" என்று மடைக்குப் போய்விட்டார்.